மீனுக்கு அம்மை போட்டிருக்கு!

"டேய்... உன் மீனுக்கு அம்மை போட்டிருக்குடா!"

காலை ஆறரை மணிக்கு இப்படி ஒரு குரல் கேட்டால் யாருக்குத்தான் தூக்கம் கலையாது? எழுந்து ஓடினேன். ஹாலில் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் காபி டம்ளரும் கையுமாக அம்மா நின்றுகொண்டிருந்தாள். உள்ளே நாகேஷ் வழக்கம்போல உடம்பை நெளித்து நெளித்து நீந்திக்கொண்டிருந்தான். ஆரஞ்சு உடம்பில் தூள் உப்பைத் தூவினாற்போலச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். பக்கத்தில் மனோரமாவுக்கும் வாலில் நாலைந்து.

"இன்னிக்கு இந்த வீட்ல யாரும் தாளிக்கக் கூடாது" என்று அறிவித்துவிட்டு அம்மா வேப்பிலை பறிக்கக் கிளம்பிவிட்டாள். தடுத்து நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வேப்பிலையைத் தடுத்த அந்த அறிவாளிதான் அன்று சாயங்காலமே அதைவிடப் பெரிய காரியம் ஒன்றைச் செய்தான். அந்த வெட்கக்கேட்டைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் பி.காம். டெபிட் தெரியும், கிரெடிட் தெரியும். கடல் தெரியாது. மெரீனாவில் முட்டி வரை நனைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் வீட்டு ஹாலில் நூற்றைம்பது லிட்டர் கடல் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள். 2003-ல் வந்த நீமோ படத்தை எங்கோ பார்த்துவிட்டாள். 'எனக்கும் அந்த மீன் வேணும்' என்று இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தாள். மூன்றாவது வேளை நான் கொளத்தூரில் இருந்தேன். சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தானே!

கோமாளி மீன் ஜோடி ஒன்று வாங்கினேன். இதைக் கடலில் வலை போட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்பதில்லை. பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை நம் மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் செய்து காட்டியிருக்கிறார்கள். இந்த மீனில் எல்லாமே ஆணாகத்தான் பிறக்கின்றன. கூட்டத்தில் பெரிசாக வளர்வது பெண்ணாக மாறி அதிகாரம் செய்யும். எனவே சின்னது நாகேஷ், பெரியது மனோரமா.

பவளம் கிடையாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் பவளத்தைச் சேர்த்துவிட்டார்கள். வைத்திருந்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். அதனால் செயற்கைக் கல், அடியில் மணல், ஆறு நத்தைகள், சங்குக்குள் குடித்தனம் நடத்தும் இரண்டு நண்டுகள், அப்புறம்... நர்ஸம்மா.

நர்ஸம்மா ஓர் இறால். சிவப்பு முதுகில் நெடுக ஒரு வெள்ளைக் கோடு, நீளமான வெள்ளை மீசை. மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டியிருக்கும் அழுக்கையும் பூச்சியையும் பொறுக்கித் தின்பது தொழில். என் மகள் கையை நனைத்தால் போதும், தடதடவென்று ஏறி வந்து விரல் விரலாக நகக்கண்ணைச் சுத்தம் செய்யும். பல் தேய்க்க அரை மணி நேரம் அடம் பிடிக்கும் பெண், இதற்கு மட்டும் அசையாமல் நிற்பாள்.

நீலாம்பரி வந்தாள்

ஆடி மாதம். தள்ளுபடி இல்லாத கடை உண்டா? நீல நிறத்தில் மின்னுகிற டாம்செல் மீன் ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. பெயர் நீலாம்பரி. வீட்டுக்கு வந்ததும் பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, அரை மணியில் உள்ளே விட்டுவிட்டேன். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி ஊரெல்லாம் விசாரிக்கிற நாம், மீனைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை.

பத்தாவது நாள்தான் அம்மாவின் மேற்படி அறிவிப்பு.

சாயங்காலம் ஒரு கடைக்கு ஓடினேன். பெயர் வேண்டாம். கடைக்காரர் ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வைத்தார். உள்ளே அழகான நீலத் திரவம்.

"காப்பர் சார். செம்பு. அளவு பார்த்து ஊத்திடுங்க. ஒரே வாரம், க்ளீன்!"

"இறால், நண்டெல்லாம் இருக்கே?"

"ஒண்ணும் ஆகாது சார். நீங்களே விரல்ல செம்பு மோதிரம் போட்டிருக்கீங்க. உங்களுக்கு ஏதாவது ஆச்சா?"

என்ன ஒரு லாஜிக்! ஜோசியர் சொல்லி அம்மா போட்டுவிட்ட மோதிரத்தைப் பார்த்துக்கொண்டேன். அம்மாவும் தினம் ராத்திரி செம்புச் சொம்பில் தண்ணீர் பிடித்து வைத்துக் காலையில் குடிக்கிறவள்தான். எழுபத்திரண்டு வயதில் மாடிப்படி ஏறுகிறாள். ஊற்றிவிட்டேன்.

பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. இன்ஷூரன்ஸ் பாலிசியின் பின்பக்கத்தையே படிக்காதவன், இதையா படிக்கப்போகிறேன்?

மறுநாள் காலை நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து மணலில் மல்லாந்து கிடந்தன. மூலையில் நர்ஸம்மா சாய்ந்து கிடந்தது.

மகள்தான் முதலில் பார்த்தாள். அவள் அழவில்லை. "சட்டை கழட்டியிருக்குப்பா" என்றாள். இறால் வளரும்போது தோலை அப்படியே உரித்துப் போடும். மீசை, கால் எல்லாம் சேர்ந்து, செத்த இறால் போலவே கிடக்கும். முதல் தடவை அதைப் பார்த்து அவள் ஊரைக் கூட்டி அழுதபோது, கல்லுக்குப் பின்னாலிருந்து நர்ஸம்மா புதுச் சட்டையோடு வந்து நின்றது. அந்த ஞாபகத்தில் கல்லுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தாள். ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும் வரை பார்த்தாள்.

நான் வலையில் எடுத்துப் பார்த்தேன். தோலுக்குக் கனம் இருக்காது. இதற்குக் கனம் இருந்தது.

கடுகளவு செம்பு

எங்கள் பிளாட்டில் மூன்றாவது மாடியில் மீன்வளத்துறையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். லிஃப்டில் பார்த்தால் சிரிப்போம். அன்று ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். லுங்கியோடு இறங்கி வந்தவர், பாட்டிலைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்தப் பொடி எழுத்தைச் சத்தமாகப் படித்தார்.

"முதுகெலும்பில்லாத உயிர்கள் உள்ள தொட்டியில் உபயோகிக்கக் கூடாது."

எனக்கே முதுகெலும்பு இல்லாத மாதிரி இருந்தது.

"மொதல்ல உயிரோட இருக்கிற நண்டுங்களை வெளியே எடுங்க தம்பி. புதுசா உப்புத் தண்ணி கலந்து ஒரு டப்புல விடுங்க" என்றார். இரண்டு நண்டுகளும் சங்குக்குள் சுருண்டு கிடந்தன. டப்பில் விட்டு ஏர் பம்பைப் போட்டோம். அரை மணி கழித்து ஒன்று மெல்ல ஒரு காலை நீட்டியது.

பிறகு அவர் சொன்னதெல்லாம் எனக்குப் பாடம்.

நமக்கும் மீனுக்கும் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது இரும்பு. அதனால் சிவப்பு. இறாலுக்கும் நண்டுக்கும் அந்த வேலையைச் செய்வது செம்பு. அதனால் அவற்றின் ரத்தம் லேசான நீலம்! 'அப்படியானால் செம்பு நல்லதுதானே?' என்று அம்மா குறுக்கே கேட்டாள். பெரியவர் சிரித்தார். "குழம்புக்கு உப்பு வேணும்மா. அதுக்காகக் குழம்பையே உப்புல வைக்க முடியுமா?" உடம்புக்குள் அளவாகக் கட்டுப்பட்டு இருக்கிற செம்பு வேறு, தண்ணீரில் கரைந்து செவுள் வழியாகத் தாறுமாறாக ஏறுகிற செம்பு வேறு.

மீனின் ஒட்டுண்ணியைக் கொல்ல, லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை கரைந்த செம்பு வேண்டும். என் தொட்டி 150 லிட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மொத்தம் 30 மில்லிகிராம். ஒரு கடுகளவு செம்பு! மீன் தாங்கும், இறாலும் நத்தையும் தாங்காது. குறைத்து ஊற்றினால்? இறால் அப்போதும் கஷ்டப்படும், ஒட்டுண்ணியும் சாகாது. இரண்டுக்கும் நடுவே ஒரு பத்திரமான அளவு என்பதே இல்லை. அம்மா தாளிக்கக் கூடாது என்றாள். நான் கடுகைத் தொட்டியிலேயே போட்டுவிட்டேன்.

கண்ணுக்குத் தெரிகிற கடன் கொஞ்சம்தான்

அது அம்மை இல்லை. வெண்புள்ளி நோய். காரணம் 'கிரிப்டோகேரியான் இரிட்டான்ஸ்' என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. 1951-ல் பிரவுன் என்ற ஆய்வாளர் வைத்த பெயர். இரிட்டான்ஸ் என்றால் எரிச்சலூட்டுவது. சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

இதன் வாழ்க்கை நாலு அங்க நாடகம். முதல் அங்கத்தில் மீனின் மேல்தோலுக்குள் புகுந்துகொண்டு மூன்றிலிருந்து ஏழு நாள் வரை தின்னும். அதுதான் நாம் பார்க்கிற புள்ளி. இரண்டாவதில், கொழுத்ததும் மீனைவிட்டு இறங்கி மணலிலோ கல்லிலோ ஊரும். மூன்றாவதில் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு உள்ளேயே பிரிந்து பிரிந்து இருநூறுக்கு மேல் பெருகும். நாலாவதில் ஓடு வெடித்து, குஞ்சுகள் நீந்தி மீனைத் தேடும். ஒன்றிரண்டு நாளில் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும்.

மருந்து வேலை செய்வது இந்தக் கடைசி அங்கத்தில் மட்டும்தான்! தோலுக்குள் இருக்கும்போதும் ஓட்டுக்குள் இருக்கும்போதும் செம்பு அதைத் தொட முடியாது. தோலுக்கு அடியில் இருப்பதால் நர்ஸம்மா மாதிரி இறால்களாலும் முழுக்கப் பொறுக்கி எடுக்க முடியாது.

இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. நாலு நாளில் மீன் மேலிருந்த புள்ளிகள் காணாமல் போகும். 'ஆஹா, குணமாயிடுச்சு!' என்று நாம் மருந்தை நிறுத்துவோம். புள்ளி குணமாகவில்லை, மணலுக்கு இறங்கியிருக்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால், மீன் மேல் இருப்பது கணக்கில் ஏறிய கடன். மணலில் இருப்பது கணக்கில் ஏறாத கடன், அதுவும் இருநூறு மடங்கு வட்டியோடு. பாலன்ஸ் ஷீட் பளபளவென்று இருக்கும்போதுதான் கம்பெனி மூழ்கும்.

"அப்ப என்னதான் சார் பண்றது? மீனும் பிழைக்கணும், இறாலும் பிழைக்கணும்."

"மருந்தை மீன்கிட்டக் கொண்டு போகாதீங்க தம்பி. மீனை மருந்துகிட்டக் கொண்டு போங்க" என்றார் பெரியவர். "வீட்ல ஒருத்தருக்குக் காய்ச்சல்னா அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோமா, இல்லே வீடு பூரா ஊசி போடறோமா?"

எல்லா மீனையும் (புள்ளி இல்லாததையும் சேர்த்து) தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். இறாலும் நண்டும் நத்தையும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இந்த நோய் அவற்றுக்கு வராது. மீன் இல்லாத தொட்டியில் குஞ்சுகள் பசியால் சாகும். எத்தனை நாளில்? சில ஓடுகள் 72 நாள் வரை கழித்து வெடித்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்கு மேல் நாலு நாள் சேர்த்து 76 என்று மீன் வளர்ப்பவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு சொட்டு மருந்து கிடையாது, பொறுமைதான் மருந்து.

இதை முன்பே செய்திருந்தால் என் தொட்டியில் எதுவுமே மாறியிருக்காது. நர்ஸம்மா உட்பட.

மூன்று நாளுக்கு ஒரு வீடு

மீன்களுக்கு வைத்தியம்? செம்பு மீனுக்கு நல்ல மருந்துதான். மணலும் கல்லும் இல்லாத தனித் தொட்டியில், சொன்ன அளவு குறையாமல் கூடாமல் மூன்று வாரமாவது வைக்க வேண்டும். தினமும் டெஸ்ட் கிட்டில் அளக்க வேண்டும். பில்டரில் கரி இருந்தால் எடுத்துவிட வேண்டும், அது மருந்தை உறிஞ்சிவிடும். பாட்டிலுக்குப் பாட்டில் செம்பின் வகையும் அளவும் மாறும் என்பதால் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும்!

இன்னொரு வழி, உப்பைக் குறைப்பது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக 15, 16 கிராமுக்கு இறக்கி மூன்று, நாலு வாரம் வைத்தால் ஒட்டுண்ணி பெரும்பாலும் தாங்காது, மீன் தாங்கும். இறால் தாங்காது என்பதால் இதுவும் தனித் தொட்டியில்தான்.

நான் மூன்றாவது வழியைப் பிடித்தேன். மருந்தே இல்லாதது. இனிமேல் எந்தப் பாட்டிலையும் தொடத் தைரியம் இல்லை.

இரண்டு பிளாஸ்டிக் டப். ஒன்றில் உப்புத் தண்ணீர், ஏர் ஸ்டோன், ஒளிந்துகொள்ள இரண்டு துண்டு பி.வி.சி. பைப். மூன்று நாள் முடிவதற்குள் மீன்களைப் புதுத் தண்ணீர் உள்ள அடுத்த டப்புக்கு மாற்ற வேண்டும். தண்ணீரின் உப்பும் சூடும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய டப், ஏர் ஸ்டோன், பைப் எல்லாவற்றையும் கழுவி மொட்டை மாடியில் காய வைக்க வேண்டும். காய்ந்தால் ஓடும் போச்சு, உள்ளே இருப்பதும் போச்சு. இப்படி நாலு தடவை, பன்னிரண்டு நாள். மீனிலிருந்து இறங்கிய பூச்சி ஓடு கட்டி, பெருகி, வெடித்து 'எங்கே சாப்பாடு?' என்று பார்ப்பதற்குள் மீன் வீடு மாறியிருக்கும்!

சென்னையில் பதினோரு மாத அக்ரிமெண்டில் வீடு மாறி மாறிப் பழகிய எனக்கு இது ஒன்றும் புதிசாகப் படவில்லை. நாகேஷும் மனோரமாவும்கூட நாலாவது தடவை வலையைப் பார்த்ததும் தாங்களே வந்து ஏறிக்கொண்டார்கள். நீலாம்பரி மட்டும் முதல் மாற்றலைத் தாங்கவில்லை. அவள் கொண்டு வந்த நோய்தான். ஆனால் பாவம், அவள் என்ன தெரிந்தா கொண்டு வந்தாள்?

ஒரு எச்சரிக்கை. இந்த வீடு மாற்றும் வைத்தியம் வெண்புள்ளிக்கு மட்டும். புள்ளியாக இல்லாமல் மஞ்சள் தூளைத் தூவினாற்போல மெல்லியதாக இருந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கினால் அது 'வெல்வெட்'. ஒன்றிரண்டு நாளில் ஆளை முடித்துவிடும். தனித் தொட்டியில் உடனே செம்புதான். கோமாளி மீனுக்குத் தோலில் பால் போல வழவழவென்று படலம் கட்டினால் அது 'புரூக்ளினெல்லா'. அதற்கு வைத்தியம் வேறு. தெரிந்தவரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

'இறாலுக்கு ஒன்றும் ஆகாது' என்று போட்டு விற்கிற மருந்துகள், பூண்டுச் சாறு எல்லாம்? பூண்டு வாசனைக்கு மீன் நன்றாகச் சாப்பிடலாம். நோய் போகும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. அல்ட்ரா வயலெட் விளக்கு நீந்துகிற குஞ்சுகளைக் குறைக்கும், ஒழிக்காது.

எழுபத்தாறு

பெரிய தொட்டியின் கதை தனி. சுண்ணாம்புச் சத்துள்ள மணலும் கல்லும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கசியவிடும். அதனால் மணல், கல் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். தொட்டியைக் கழுவிக் காய வைத்து, புதுத் தண்ணீர், புதுக் கரி. டெஸ்ட் கிட் செம்பு பூஜ்யம் என்று சொல்லும் வரை தண்ணீர் மாற்றினேன். செலவுக் கணக்கை மனைவியிடம் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் ஆடிட்டிங்கிலேயே பயங்கரமானது.

மகள் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. எட்டாவது நாள் காலண்டரும் சிவப்புப் பேனாவுமாக வந்தாள்.

"நண்டுக்கு எத்தனை நாள்?"

"அதுக்கு நோய் வராதும்மா. ஆனா சங்கு மேலே ஓடு ஒட்டியிருக்கலாம். எழுபத்தாறு நாள் தனியா இருக்கணும்."

தினமும் ஒரு தேதியை அடித்தாள். நண்டுக்குச் சாப்பாடு போடுவதும் அவளே. நடுவில் கொளத்தூர் போய் ஒரு புது இறால் வாங்கி வந்தோம். அதையும் டப்பிலேயே நண்டுகளோடு விட்டோம். "அப்போ மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணணும்" என்று அவளே கோடு போட்டு, முதல் நாளிலிருந்து ஆரம்பித்தாள். நான் ஆடித் தள்ளுபடியில் செய்யத் தவறியதை எட்டு வயசுப் பெண் செய்தாள். இதற்குப் பெரிய பெயர் குவாரன்டைன். 2020-க்குப் பிறகு அந்த வார்த்தையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

புது மீன், புது நத்தை, நண்பர் வீட்டுத் தொட்டியில் நனைத்த வலை... எது வந்தாலும் முதலில் தனியாக இருக்கட்டும். ஒரு டப்பும் ஏர் பம்பும் ஒரு நல்ல மீனின் விலைகூட ஆகாது.

எழுபத்தாறாம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரியவரும் வந்திருந்தார். நண்டுகளும் இறாலும் பெரிய தொட்டிக்குப் போயின. ஏற்கெனவே அங்கே குடியேறியிருந்த நாகேஷும் மனோரமாவும் மேலே ஒரு புள்ளிகூட இல்லாமல் வந்து முகர்ந்து பார்த்தார்கள். மகள் கையை நனைத்தாள். இறால் யோசித்தது. மீசையால் தொட்டுப் பார்த்தது. பிறகு ஏறி வந்து சுண்டு விரலிலிருந்து வேலையை ஆரம்பித்தது.

"இது நர்ஸம்மா இல்லப்பா" என்றாள். "வேற பேர் வெக்கணும்."

சரி என்றேன். ஆசையாக நானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியில் கையை விடப் போனேன்.

"அப்பா!" என்று ஒரு அதட்டல். "மோதிரம்!"

கழற்றினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.